யாழ்ப்பாணம் பலாலி–சென்னை விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர் இரண்டு பேருக்கு என்ன வேலை?

கேள்வி, ஒன்றேகால் மணி நேரப் பறப்பில் அவர்களுக்கு அப்படி என்ன வேலை என்பது.

50 இருக்கைக்கு ஒருவர் என்பது விதி. இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் 72 ரக விமானத்தில் 70 சொச்சம் இருக்கை, ஆகவே இருவர். தேத்தண்ணி கொடுப்பது அதில் சின்ன வேலைதான். பயணிகள் ஏறமுன்னமே தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, ஒட்சிசன் போத்தல் நிறைந்திருக்கிறதா, முதலுதவிப் பெட்டியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, உயிர்காப்பு அங்கிகள் இடத்தில் உண்டா என்று பார்த்துவிடுவார்கள். கடல் கடக்கும் பறப்பு, அங்கி விஷயத்தில் சலுகை கிடையாது. அதை விமானத்துக்குள் ஊதவேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: தண்ணீர் உள்ளே ஏறினால் ஊதிய அங்கி ஆளைக் கூரையோடு தூக்கிவிடும், கதவடிக்குப் போகவே முடியாது.

காலி இருக்கைக்கு மாற விடாததைச் சிடுமூஞ்சித்தனம் என்று நினைக்காதீர்கள். சின்ன விமானம், நாலைந்து பேர் இடம் மாறினாலே எடைச் சமநிலைக் கணக்கு மாறும்.

மேலெழும்பும்போது அவர்கள் பேசாமல் இருப்பது ஓய்வல்ல. அவசரம் வந்தால் எந்தக் கதவு, என்ன கட்டளை என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: ஒடியல்மாப் பையைக் காற்றோடு கட்டிக் கைப்பையில் வைக்காதீர்கள். மேலே போகப்போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைய, பை உப்பி வாய் பிளக்கும். கொட்டியதைத் துடைப்பதும் அவர்கள் பாடுதான்.