எட்டடிப் பாம்புக்கு எத்தனை அடிக் கூடு?

கேள்வி: லண்டனில் என் தம்பி எட்டடி நீள போவா பாம்பு வளர்க்கிறான். தச்சு வேலை செய்யும் என்னிடம் கூட்டுக்கு அளவு கேட்கிறான். இங்கே மலையில் பிடிபடும் மலைப்பாம்புக்கும் அப்படி ஒன்று செய்து வளர்க்கலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: பாம்பு உடம்பை நீட்டிப் படுக்க வேண்டும் தம்பி. எட்டுக்கு நாலடி ப்ளைவுட் பலகை ஒன்றை வெட்டாமல் அப்படியே அடித்தளமாக்கச் சொல்லுங்கள். மூட்டுகளை சிலிக்கன் வைத்து அடைக்கட்டும். வார்னிஷ் வாடை முற்றாகப் போகும்வரை பாம்பை உள்ளே விடக்கூடாது. முன்பக்கம் இழுவைக் கண்ணாடி, கட்டாயம் பூட்டு. சிறு இடுக்கு கிடைத்தாலும் தலையை நுழைத்துத் தள்ளிவிடும்.

சூடுதான் முக்கியம். ஒரு மூலையில் 32 பாகை செல்சியஸ், மறுமூலையில் 25 பாகை, சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிவலை அடிக்காவிட்டால் பாம்பு அதிலேயே சுருண்டு படுத்து வெந்துபோகும். வயிற்றுச் செதில் கருகிய பாம்பைப் பார்த்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

நம் மலைப்பாம்புக்குக் கூடே வேண்டாம். அது சட்டம் பாதுகாக்கும் உயிர். பிடித்து வளர்ப்பது குற்றம். லயத்துப் பக்கம் வந்தால் அடிக்கவும் விடாதீர்கள். 1992க்கு அழைத்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லலாம்.