மூட்டைக்கு 40 ரூபாய்

கேள்வி: எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 ரூபாய் கொடுக்காமல் நெல் தராசு ஏறாது. குறுவைக்கு என் அப்பாவும் கொடுத்தார். "நீங்கள் கொடுப்பதால்தானே அவர்கள் வாங்குகிறார்கள்?" என்று கேட்கிறார் பட்டணத்தில் வேலை பார்க்கும் என் அத்தான். லஞ்சத்துக்கு மக்களும் உடந்தைதானே?
— ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: இல்லை. உங்கள் அத்தானிடம் இதை அழுத்தமாகவே சொல்லுங்கள். உடந்தை என்றால் இரண்டு பக்கமும் ஆதாயம் இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு என்ன ஆதாயம்? தனக்குச் சேர வேண்டியதைத் தானே காசு கொடுத்து மீட்டிருக்கிறார். இதற்குத் தமிழில் பறிகொடுத்தல் என்று பெயர்.

கணக்கைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய் விலை. அதில் மத்திய அரசின் ஆதார விலை 2,369. மீதி 131 ரூபாய் தமிழக அரசு சேர்த்துக் கொடுக்கும் ஊக்கத்தொகை. 40 கிலோ மூட்டைக்கு அந்த ஊக்கத்தொகை 52 ரூபாய் 40 காசு வருகிறது. உங்கள் அப்பாவிடம் வாங்கியது 40 ரூபாய். சட்டமன்றத்தில் அறிவித்து, அரசாணை போட்டு, மக்கள் வரிப்பணத்திலிருந்து உழவனுக்கு ஒதுக்கிய தொகையில் முக்கால் பங்கு தராசடியிலேயே போய்விடுகிறது. ஐந்து ஏக்கர்க்காரர் 250 மூட்டை போட்டால் 10,000 ரூபாய். நெல்லின் பணம் சில நாள் கழித்துத்தான் வங்கிக் கணக்கில் ஏறும். இந்தப் பத்தாயிரத்தை அதற்கு முன்பே ரொக்கமாக வைக்க வேண்டும். இதற்காக வட்டிக்கு வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சென்ற ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். சாலையோரம் வரிசையாக நெல் அம்பாரங்கள், மேலே படுதா, படுதா பறக்காமலிருக்கச் செங்கல். ஒரு பெரியவர் படுதாவின் ஓரத்தைத் தூக்கி, "கையை உள்ளே விட்டுப் பாருங்கள் தம்பி" என்றார். விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் சுட்டது. ஈர நெல் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தபோது நாலைந்து மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப்பார்த்தது. பன்னிரண்டு நாளாக அந்த அம்பாரத்தின் பக்கத்திலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தார் அவர். கொண்டுவந்த அன்று நெல் காய்ந்துதான் இருந்ததாம். நிலைய எழுத்தர் ஈரம் அளக்கும் கருவியில் போட்டுப் பார்த்து, "ஈரம் இருக்கிறது, காயட்டும்" என்றிருக்கிறார். எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை, எழுதியும் தரவில்லை. காய்ந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. அவருக்குப் பின்னால் வந்த இரண்டு டிராக்டர் நெல் அதற்குள் எடை போட்டுப் போய்விட்டது.

ஈரப்பதம் 17 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்தக் கருவி பொய் சொல்வதில்லை. அதில் தெரியும் எண்ணை ஒருவர் மட்டும் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது. டெல்டாவில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன் கழுத்தை ஒன்று நெரித்துக்கொண்டு வருகின்றன. வானம் கறுத்துவிட்டால் ஒரு நாள் தாமதம் என்பது ஒரு போகத்தின் உழைப்பு. அந்த ஒரு நாள் எழுத்தர் கையில் இருக்கிறது. மழை தூறும்போது கேட்கப்படும் 40 ரூபாயை உங்கள் அத்தானே நின்றிருந்தாலும் கொடுத்திருப்பார்.

2020-இல் இதே கொள்முதல் நிலைய விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனபோது, சம்பளத்துக்கு மேல் லஞ்சம் வாங்குவது பிச்சை எடுப்பதற்குச் சமம் என்று நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒப்பீடு எனக்கு ஒப்பவில்லை. பிச்சை கேட்பவரிடம் இல்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். இங்கே இல்லை என்று சொன்னால் நெல் முளைத்துவிடுகிறது.

வாங்குகிறவர்கள் பக்கம் ஒரு நியாயமும் இல்லையா என்றால், ஓரளவு இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. எழுத்தர்களில் பலர் பருவகாலப் பணியாளர்கள். வாங்கிய நெல்லை லாரி வந்து ஏற்றாமல் வாரக்கணக்கில் திறந்தவெளியில் போட்டுவைத்தால் அது காய்ந்து எடை குறைகிறது. அந்தக் குறைவை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று பணியாளர்களே புலம்புகிறார்கள். சுமை தூக்குகிறவர்களுக்குக் கட்டுப்படியான கூலி இல்லை என்பதும் பழைய குறை. இதையெல்லாம் இந்த நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திடம் கேட்க வேண்டும், சங்கம் வைத்துச் சண்டை போட வேண்டும். அதை விட்டுவிட்டு, தங்களைவிட இளைத்தவன் மடியில் கை வைத்து ஈடுகட்டிக்கொள்வதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். வசூலாகும் காசு எழுத்தரோடு நின்றுவிடுகிறது என்றும் நான் நம்பவில்லை. ஊரறிய, பட்டப்பகலில், மூட்டைக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்து நடக்கும் வசூல் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் ஒரு பருவம்கூட ஓடாது.

உங்கள் அத்தான் சொல்வது பொருந்தும் ஆட்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து நெல் வாங்கிவந்து, யாருடைய நிலத்துச் சிட்டா அடங்கலையோ தங்களுடையதுபோல் காட்டி, கூடக் கொஞ்சம் கொடுத்து வரிசையை முந்தும் வியாபாரிகள். அவர்கள்தான் உடந்தை. சட்டத்துக்கும் இந்த வேறுபாடு தெரியும். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கினார்கள். கூடவே, கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றும் எழுதிவைத்தார்கள். நல்ல விதிதான். ஆனால் அறுப்பு முடிந்த கையோடு சம்பாவுக்கு நாற்றைத் தேடி ஓடுகிறவனுக்கு அந்த ஏழு நாளில் திருவாரூர் போய்வர ஒரு நாள் ஒதுங்காது. இப்படி ஒரு விதி இருப்பதையே அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் விலைப் பலகைக்குப் பக்கத்தில் இதையும் எழுதிவைக்க அரசுக்கு என்ன தடை?

குறுவைக்குக் கொடுத்த பணத்துக்கு அந்த ஏழு நாள் கெடு போய்விட்டது. அடுத்த அறுவடைக்கு இப்படிச் செய்யுங்கள். கேட்டவுடன், கொடுப்பதற்கு முன்பே, லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர்களுக்கு உதவியாகக் கொடுக்கும் பணம் குற்றமாகாது. வாங்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்க ரசாயனப் பவுடர் தடவிய நோட்டு, கரைசலில் அவர் விரலை நனைத்தால் இளஞ்சிவப்பு, எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் மட்டும் போனால் அடுத்த போகத்தில் அவர் நெல்லுக்கு மட்டும் ஈரம் கூடிவிடும். தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுப் போங்கள்.

அத்தானுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அலுவலகப் பதிவேடுகளை நேரில் பார்வையிடும் உரிமையும் அதில் உண்டு. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். குறுவைப் பருவத்தில் உங்கள் நிலையத்தில் எந்தத் தேதியில் யார் நெல் வந்தது, எந்தத் தேதியில் எடை போடப்பட்டது, ஈரப்பதம் எவ்வளவு என்று பதிவானது, இந்த மூன்றும் போதும். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். வந்த பதிலை எங்களுக்கு அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறோம்.