டீச்சரிடம் கேளுங்கள்: குடத்துக்குள் கைவிட்ட பையன்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் 42 பிள்ளைகள். ஏழெட்டுப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பார்வைக் குறைபாடு. முன்பெஞ்சில் நாலு பேரோ நான் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறார்கள். வரலாற்றை யாருக்காக நடத்துவது டீச்சர்?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: எனக்கும் இதே வகுப்புதான், 31 வருஷம். மதுராந்தகம் பக்கத்துப் பள்ளி என்பதால் உத்திரமேரூர் கைக்கெட்டும் தூரம். சோழர் பாடம் வந்தால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு மண்குடத்தை மேஜைமேல் வைப்பேன்.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைச் சொல்பவை. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது இன்றைய வார்டு மாதிரி. குடும்புக்கு ஒருவர். ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்க வைப்பார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, சபை கேட்க வாசிக்க வேண்டும். விரலை ஏன் விரிக்கணும் என்று கேட்டுப் பாருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து உடனே பதில் வரும்: "ஓலையை மாத்திடக் கூடாதுல்ல டீச்சர்!" அதைச் சொல்லப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பார்வை குறைந்த பெண் குடத்தையும் ஓலையையும் தொட்டுப் பார்க்கட்டும். வாசிப்பதைக் காதால் கேட்கப்போகிறாள், அவ்வளவுதானே.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை, படிக்கத் தடுமாறும் ஒரு பையனைப் பார்த்து ஓலை எடுக்கக் கூப்பிட்டேன். பெரிய மனசு என்று நினைப்பு. மணி அடித்ததும் வந்து நின்றான். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான் என்னைக் கூப்பிட்டீங்களா டீச்சர்?" மறு வருஷத்திலிருந்து, யார் எடுப்பது என்பதற்கே சீட்டுக் குலுக்கினேன்.

போட்டியிடும் தகுதிகளைப் பலகையில் எழுதினேன்: வயது 35 முதல் 70, கால் வேலிக்கு (வேலி என்பது அந்தக்கால நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. முன்பெஞ்சு அத்தனையையும் அழகாகக் குறித்துக்கொண்டது. அதே பையன்தான் கேட்டான்: "அப்போ எங்க தாத்தா பேரு குடத்துக்குள்ள போயிருக்காதா?" அதோடு ஒரு பெண்ணும் எழுந்து, "எங்க பேரும்தான்" என்றாள். அந்தப் பாடத்தில் அதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பானாலும் பரவாயில்லை, எழுத்துக்கூட்டும் பிள்ளைகளைச் சிறப்புப் பயிற்றுநரிடம் ஒருமுறை காட்டுங்கள். வட்டார வள மையத்தில் கேட்டால் வருவார்.

கேள்வி: என் மகளுக்கு டிஸ்லெக்சியா. பத்தாம் வகுப்பு. வரலாற்றை வாயால் சொல்லச் சொன்னால் கொட்டுகிறாள், எழுதினால் ஒன்றுமில்லை.
– ஒரு தந்தை, வேலூர்

பதில்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடக்கம். மருத்துவச் சான்று வாங்கித் தலைமையாசிரியர் மூலம் இப்போதே விண்ணப்பியுங்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் இரண்டையும் கேளுங்கள். அப்புறம், சொல்லி எழுத வைப்பதும் ஒரு பழக்கம். வீட்டில் நீங்கள் பேனா பிடியுங்கள், அவள் சொல்லட்டும்: "1905 வங்கப் பிரிவினை, 1916 லக்னோ ஒப்பந்தம், 1919 ஜாலியன்வாலா பாக்..." அவள் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதுங்கள், அப்பா.