பாசம் மட்டும் போதுமா?

கேள்வி: என் மகள் தத்துவத்தில் முதுகலை படிக்கிறாள். விலங்குகளை எப்படி நடத்துவது சரி என்று ஆராயும் விலங்கு அறவியலில் ஆய்வு செய்து பேராசிரியர் ஆகப்போகிறாளாம். நாய், பூனை என்றால் அவளுக்கு உயிர். அது போதுமா? பிழைக்க வழி உண்டா?

பதில்: பாசம் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதற்கு யாரும் முனைவர் பட்டம் கொடுப்பதில்லை. விலங்குரிமைத் தத்துவத்தின் பெரும்புள்ளி டாம் ரீகன், கல்லூரிக் காலத்தில் கறி வெட்டிச் சம்பாதித்தவர். 1983இல் வந்த தன் நூலில் அவர் ஒரு படகைக் காட்டுகிறார். நான்கு மனிதர்கள், ஒரு நாய். படகு நால்வரைத்தான் தாங்கும். நாயைத்தான் தள்ள வேண்டும் என்கிறார், விலங்குகளுக்கு உரிமை உண்டு என்று வாதாடும் அதே மனிதர்! சாவதால் மனிதன் இழப்பது அதிகம் என்பது அவர் வாதம். சரி, பத்து லட்சம் நாய்கள் என்றால்? அப்போதும் அதே பதில்தான். இதே துறையின் இன்னொரு பெரிய தத்துவவாதி பீட்டர் சிங்கர் இதை விடவில்லை, எழுத்திலேயே மோதினார்.

என் மாணவர்களுக்கு முதல் வாரமே இந்தப் படகைக் கொடுத்துவிடுவேன். நாய்ப் பிரியர்கள்தான் முதலில் கோபிப்பார்கள். கோபித்துவிட்டு மறுநாள் ஒரு மறுப்பு எழுதிக்கொண்டு வருபவர் தேறுவார். உங்கள் மகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

வேலை விஷயம். இந்தத் துறைக்கென்றே தனிப் பணியிடம் வருவது அபூர்வம். பொதுவாக அறவியல் ஆசிரியராகத்தான் சேர வேண்டியிருக்கும். தர்க்கம், மருத்துவ அறவியல் எல்லாம் பாடம் எடுக்கச் சொல்வார்கள். சிங்கரைப் போல அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். எனக்குப் பிடித்தது தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் ரோலின் போன வழி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்கு 1978இலேயே அறவியல் பாடம் எடுத்தார். ஆய்வக விலங்குகளுக்கு வலி நிவாரணம் தருவது குறித்து 1985இல் அமெரிக்காவில் சட்டம் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. தத்துவத் துறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்காது. மகளை விலங்கு நடத்தையியலில் ஒரு பாடமாவது எடுக்கச் சொல்லுங்கள். வலி பற்றி எழுதுகிறவருக்கு மீனின் நரம்பு மண்டலம் தெரிந்திருக்க வேண்டாமா?

கேள்வி: அப்படியானால் அவள் அசைவத்தை விட்டே ஆக வேண்டுமா?

பதில்: அப்படி விதியெல்லாம் இல்லை. ஆனால் கருத்தரங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்தால், எல்லோரும் அவள் தட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள்.