எடுத்த மணியைத் திரும்ப வைக்க முடியாது, சீட்டையாவது சரியாக எழுதுங்கள்

கேள்வி: அகழாய்வுக் குழியில் வேலை செய்வது எனக்கு இதுதான் முதல் முறை. நேற்று மண்ணைச் சுரண்டும்போது ஒரு சூதுபவள மணி (செந்நிறக் கல் மணி) கண்ணில் பட்டது. ஆர்வத்தில் அளவெடுக்காமல் கையில் எடுத்துவிட்டேன். “ஆழம் 80 செ.மீ. என்று போட்டுவிடு, யார் பார்க்கப்போகிறார்கள்” என்கிறார் நண்பர். மணி இனி ஒன்றுக்கும் உதவாதா?

பதில்: உதவும். நண்பர் சொன்னபடி செய்தால்தான் உதவாது.

குழிப் பொறுப்பாளரிடம் நடந்ததை இன்றே சொல்லிவிடுங்கள். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பொருளுடன் வைக்கும் சீட்டில் குழி எண், மண்ணடுக்கு எண், குழியின் எந்தப் பக்கம், தேதி, உங்கள் பெயர் எல்லாம் இருக்கட்டும். அளவு எழுதும் இடத்தில் “அளக்கும் முன் எடுக்கப்பட்டது” என்று எழுதுங்கள். சல்லடையில் சிக்கும் பொருளுக்கும் இதே நிலைதான். எந்த அடுக்கு மண் என்பது தெரியும், எந்தப் புள்ளி என்பது தெரியாது. அதற்காக அவற்றை யாரும் வீசிவிடுவதில்லை.

அடுத்த முறை பொருள் தலைகாட்டியதும் கையை எடுத்துவிடுங்கள். முதலில் படம், பிறகு இரண்டு சுவர்களிலிருந்து தூரம், அப்புறம் ஆழம். ஆழத்தைக் காலடித் தரையிலிருந்து அளக்க வேண்டாம். தரை சரிந்திருக்கும், மிதிபட்டும் இருக்கும். மாறாத நிலைப்புள்ளி ஒன்றிலிருந்து நூல் கட்டி, ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டை இறக்கி அளக்க வேண்டும்.

நண்பரின் 80 செ.மீ. தற்செயலாகச் சரியாகவே இருந்தாலும் அது போதாது. ஆழமாகக் கிடைப்பது பழையது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழங்காலத்தில் ஒருவர் குப்பை போடப் பள்ளம் வெட்டியிருப்பார். அந்தப் பள்ளத்தின் அடியில் 80 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் மணி, பக்கத்திலேயே வெட்டப்படாத மண்ணில் 50 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் பானை ஓட்டுத் துண்டைவிடப் பிந்தியதாக இருக்கலாம். எலி வளையும் இதே வேலையைச் செய்யும். மண் திடீரென்று பொலபொலவென்று உதிர்ந்தால், சாம்பல் நிறமாக மாறினால், வட்டமாக ஒரு கறை தெரிந்தால் நிறுத்துங்கள். பள்ளத்து மண்ணுக்குத் தனி எண் கொடுத்து, அதை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் சுற்றியுள்ள அடுக்கைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் அள்ளிவிட்டால் பிரிக்க வழியே இல்லை. 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்டிமர் வீலர், ஏற்கெனவே காலம் தெரிந்த இத்தாலியப் பானை ஓடுகளைக் கொண்டு உள்ளூர் ஓடுகளுக்குக் காலம் கணித்தார். எந்த ஓடு எந்த அடுக்கில் எதனுடன் கிடந்தது என்று பார்த்ததால்தான் அது முடிந்தது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஆகியும், நான் பார்த்த சில படிவங்களில் ஆழத்துக்குப் பெரிய கட்டம், மண்ணைப் பற்றி எழுத ஒரே ஒரு வரி! வாரக் கடைசியில் மேலிடம் கேட்பதும் “எத்தனை பொருள்?” என்றுதான். எந்த அடுக்கு என்று யாரும் கேட்பதில்லை.

சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், மை மங்கிவிடும். பென்சில் நல்லது. பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ஈர ஓடுகளைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். ஒரு கிடங்கில் அப்படிக் கட்டிய மூட்டையைப் பிரித்தேன். ஓடுகள் நன்றாக இருந்தன, சீட்டு கூழாகியிருந்தது. எந்தக் குழி, எந்த ஆண்டு என்று சொல்ல ஆளில்லை.

கடைசியாக ஒன்று. மணி கிடைத்த செய்தி பரவியதும் ஒருவர் வருவார். ஆய்வாளர் என்பார், சேகரிப்பாளர் என்பார். “போனில் ஒரு படம் அனுப்புங்கள், காலம் சொல்கிறேன்” என்பார். படத்தை மட்டும் பார்த்துக் காலம் சொல்பவரை நம்பாதீர்கள். பல நேரம் அவருக்கு வேண்டியது காலம் அல்ல. எந்தக் குழியில், எந்த மூலையில் மணி வருகிறது என்ற தகவல். இரவில் ஆள் இல்லாத குழிக்கு அதுதான் வழிகாட்டி. அப்படி யாராவது கேட்டால் பொறுப்பாளரிடம் பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு அழைக்க மாட்டார்.