புரூஜ் நகரின் பெரிய மணிக்கூண்டு தேவாலயத்தைச் சேர்ந்தது இல்லையா? பிறகு யார் கட்டினார்கள்?

இல்லை, அது ஊராருடையது. பெல்ஜியத்தின் புரூஜில், சந்தைச் சதுக்கத்தில், துணி வணிகம் நடந்த பழைய மண்டபத்தின் தலைமேல் 83 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் கம்பளித் துணி வணிகத்தில் கொழித்த நகரம் எழுப்பியது. வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், தீ விபத்து என எல்லாவற்றையும் அறிவித்தது அதன் மணிதான். பிரபுக்களிடம் போராடிப் பெற்ற உரிமைச் சாசனங்களையும் உள்ளேதான் பூட்டி வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1280இல் கோபுரமே தீப்பிடித்து ஆவணங்கள் சாம்பலாகின. மேலே தெரியும் எண்கோண அடுக்கு 1480களில் சேர்க்கப்பட்டது.

ஏறுவதற்கு 366 படிகள். மேலே போகப் போகச் சுழல்படி ஒடுங்கும். எதிரே ஒருவர் இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். உச்சியில் 47 மணிகள்.

ஆனால் நகரிலேயே உயரமானது இதுவல்ல. சற்றுத் தள்ளியுள்ள அன்னை மரியாள் ஆலயக் கோபுரம். சுமார் 115 மீட்டர், பெரும்பகுதி செங்கல். புரூஜ் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் கடலோரச் சமவெளியில் கல்லுக்குப் பஞ்சம், களிமண்ணுக்கு இல்லை. உள்ளே மைக்கலாஞ்சலோ செதுக்கிய பளிங்கு அன்னையும் குழந்தையும் இருக்கிறார்கள். அதை வாங்கி வந்ததும் புரூஜின் துணி வணிகக் குடும்பம் ஒன்றுதான். 1794இல் பிரெஞ்சுக்காரர்களும் 1944இல் ஜெர்மானியர்களும் தூக்கிச் சென்றார்கள். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. ஒருநாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் முதலில் இந்த ஆலயத்துக்குத்தான் போவேன்.