ஆரத்தி யார் எடுப்பது?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆடியைத் தாண்டி ஆவணியில் என் மகளுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளை இங்கிலாந்துக்காரர். மணப்பெண் காலணிக்குள் வைத்துக்கொண்டால் அதிர்ஷ்டம் என்று அவர் அம்மா பழைய ஆறு பென்ஸ் வெள்ளிக்காசு ஒன்றை அனுப்பியிருக்கிறார். காசை மிதிப்பது லட்சுமியை மிதிப்பதல்லவா? நம் சடங்குகளுக்கெல்லாம் அறிவியல் காரணம் உண்டு, இவர்களுடையது வெறும் மூடநம்பிக்கைதானே? மகளை வளர்த்தது என் அக்காதான், ஆனால் அத்தான் தவறிவிட்டதால் ஆரத்திக்கு ஆள் தேடுகிற அலைச்சல் வேறு. பதில் போடுங்கள்.

தக்கலையிலிருந்து ஒரு தங்கை

அன்புள்ள தங்கச்சி,

காசுக் கவலையை முதலில் முடித்துவிடுவோம். மணவறையில் உங்கள் மகள் வெறுங்காலோடுதான் உட்காரப்போகிறாள். முந்தானையில் முடிந்துவிடுங்கள், சம்பந்தியம்மாவுக்கும் சந்தோஷம். அப்புறம், காசில் என்ன வருடம் என்று பாருங்கள். 1947 முதல் அடித்த ஆறு பென்ஸில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். 1980-ல் அது செல்லாக்காசும் ஆகிவிட்டது. அதிர்ஷ்டத்துக்கு இதெல்லாம் தெரியாது போல.

அறிவியல் காரணம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல். ஆடியில் கல்யாணம் வைத்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்பார்கள். சரி, ஆவணியில் உண்டான பிள்ளை வைகாசியில் பிறக்குமே, அக்னி நட்சத்திரத்தில் பாதி வைகாசியில்தானே? பழைய ரோமர்களும் மே மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். செத்தவர்களின் ஆவிகளைச் சாந்தப்படுத்தும் லெமூரியா நாட்கள் அப்போது வரும் (நம் ஆட்கள் கடலுக்குள் தேடுகிற லெமூரியா வேறு). பயந்தார்கள், தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். ஜெர்மனியில் கல்யாணத்துக்கு முன்னால் வாசலில் பீங்கானைப் போட்டு உடைத்து, மணமக்களையே பெருக்கவிடுவார்கள். நம் கல்யாண வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தால் பெரியவர்கள் முகம் செத்துவிடும். இதில் எது அறிவியல்? யாருக்கும் கேடில்லாதவரை செய்துகொள்ளட்டும், நானும் நின்று ரசிப்பேன்.

கேடு உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. போகிற போக்கில் 'அலைச்சல் வேறு' என்கிறீர்கள். புருஷனை இழந்தவள் ஆரத்தி எடுக்கக்கூடாது என்கிற வழக்கத்தைப் பற்றித்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெரியம்மை சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். தன் மகள் கல்யாணத்துக்குத் தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூவை ராத்திரி முழுக்க உட்கார்ந்து தொடுத்தது அவர்தான். விடிந்ததும் சமையல் நடக்கிற ஆக்குப்புரைக்குள் போய்விட்டார். கெட்டிமேளமும் குரவையும் கேட்டபோது பிரதமனுக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். ஈரக்கையோடு கும்பிட்டுவிட்டு மறுபடி பிழிந்தார். பிற்பாடு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "நாங்க ஒண்ணும் சொல்லல்லியே, அவளாத்தான் போனா." யாரும் வாய்திறந்து சொல்லவேண்டாத அளவுக்கு அவரைப் பழக்கிவைத்திருந்தார்கள்.

நல்ல நேரம் தப்பி நின்றுபோன கல்யாணம்தான் நம் குமரியம்மன் கதையே. சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்பட்ட சிவன், நாரதர் சேவலாகக் கூவியதைக் கேட்டு, முகூர்த்தம் போய்விட்டது என்று பாதி வழியில் வழுக்கம்பாறையிலிருந்து திரும்பிவிட்டார். விருந்துக்கு வைத்த அரிசியெல்லாம் கடற்கரை மணலாயிற்று. அதிலாவது தேவர்களுக்கு ஒரு காரியம் இருந்தது: பாணாசுரனுக்குக் கன்னி கையால்தான் சாவு. உங்கள் அக்காவைத் தள்ளி நிறுத்தினால் எந்த அசுரன் சாகப்போகிறான்?

காய்ச்சலில் உங்கள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை. அப்போது ஆகாமல் போகவில்லை, ஆரத்தித் தட்டைப் பிடித்தால் மட்டும் ஆகாதா? வெள்ளைக்காரியின் காசில் மூடநம்பிக்கையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்கு இது கண்ணில் படவில்லையே!

அக்காவிடம் இப்போதே பேசுங்கள். மண்டபத்தில் ஆள்கூட்டத்தில் வைத்துக் கேட்டால் 'எனக்கு எதுக்கு' என்றுதான் சொல்வார், அதையே சாக்காக்கி நீங்களும் விட்டுவிடுவீர்கள். மகளைக் கேட்கச் சொல்லுங்கள், அவள் கேட்டால் மறுக்கமாட்டார். உறவில் யாராவது முகம் சுளித்தால் முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்காரவைத்துவிடுங்கள். அடைப்பிரதமன் வந்ததும் மறந்துபோவார்கள்.